வழி திறந்தால் சிறுத்தை இல்லை

இமாசலப் பிரதேச வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கார் பயணம் திட்டமிடுகிறவர்களுக்கு எல்லாமே சுலபமாகத் தெரியும். சண்டிகரில் புறப்பட்டு குலு பக்கம் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா, மணாலி வழியாக ஸ்பிதி, அங்கே பின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா, திரும்பும்போது கின்னோர், சிம்லா. அழகான ஒரு வட்டம். ஆனால் மலையின் கணக்கு வேறு.

சிக்கல் குன்ஸும் கணவாயில் இருக்கிறது. 4,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ள இந்தக் கணவாய் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் பனியில் மூடிக் கிடக்கும். 2020இல் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் கணவாயின் தொல்லையைத் தீர்த்தது. குன்ஸும் அதற்கு அப்பால் இருக்கிறது. ஆகவே முழு வட்டம் கோடையில்தான் சாத்தியம். அப்போது ஐபெக்ஸ் காட்டாடுகள் மேய்ச்சல் தேடி உயரே ஏறிவிடுகின்றன. பின்னாலேயே பனிச்சிறுத்தையும். ஜனவரி முதல் மார்ச் வரை அவை கிராமங்களுக்கு அருகே இறங்கி வருகின்றன. வழி திறந்தால் சிறுத்தை இல்லை. சிறுத்தை வந்தால் வழி இல்லை.

எனவே புத்திசாலித்தனம், பயணத்தை இரண்டாகப் பிரிப்பதுதான். முதல் பயணம் ஏப்ரல், மே அல்லது அக்டோபரில், தீர்த்தன் பள்ளத்தாக்குக்கு. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கிரேட் ஹிமாலயன் பூங்காவுக்குள் கார் போகாது. குஷைனியை ஒட்டி வண்டியை விட்டுவிட்டு, அனுமதிச் சீட்டுடன் நடக்க வேண்டும். மோனல், அதிர்ஷ்டம் இருந்தால் மாநிலப் பறவையான மேற்கத்திய டிராகோபான், செங்குத்துப் பாறைகளில் தார் ஆடுகள் ஆகியவை நடப்பவர்களுக்கே தரிசனம் தருகின்றன.

இரண்டாவது பயணம் பிப்ரவரியில், சிம்லா, கின்னோர் வழியாக ஸ்பிதிக்கு. காஸா 3,600 மீட்டருக்கு மேல். அதற்கப்பால் உள்ள கிப்பர் 4,200 மீட்டரை நெருங்குகிறது. ஒரே மூச்சில் ஏறினால் தலைவலியும் வாந்தியும் நிச்சயம். கல்பாவில் ஓர் இரவு, தாபோவில் ஓர் இரவு எனத் தங்கி ஏறுவது நல்லது. குளிரில் டீசல் உறைந்து மக்கர் செய்யும். நிலச்சரிவும் பனிப்பொழிவும் வழியை அடைத்துவிடும். கையில் மூன்று நாளாவது உபரியாக வைத்திருக்க வேண்டும்.

தங்குவதற்கு ஓட்டலைவிட கிப்பர் கிராமத்து வீடுகளே மேல். இதில் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. கால்நடையை அடித்துத் தின்னும் பனிச்சிறுத்தை, மேய்ப்பருக்கு எதிரியாகத்தான் இருந்தது. கிராமத்தினரும் வனவிலங்கு ஆய்வாளர்களும் சேர்ந்து கிப்பரில் மேய்ச்சலற்ற நிலம் ஒதுக்கினார்கள், கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள். இன்று பைனாகுலரோடு சரிவுகளைத் துழாவி, பல நூறு மீட்டர் தொலைவில் சாம்பல் பாறையோடு பாறையாகப் படுத்திருக்கும் சிறுத்தையை விருந்தாளிக்குக் காட்டுகிறவர்கள் உள்ளூர்க்காரர்களே.

2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உள்ள பனிச்சிறுத்தைகள் 718. அவற்றில் ஒன்றாவது கண்ணில் படும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வாடகையும் வழிகாட்டிக் கூலியும் மேய்ப்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், ஓர் ஆட்டை இழந்த குடும்பமும் சிறுத்தையைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். பயணத் திட்டத்தில் பெட்ரோல் செலவுக்கு அடுத்து எழுத வேண்டிய வரி அதுதான்.