பஃபர் கேஷ் தெரிந்தவன்

லினக்ஸ் கற்றுக்கொள்ள நான் வாங்கிய முதல் புத்தகம், லினக்ஸ் பிறப்பதற்கு முன்பே வந்தது. யூனிக்ஸின் உள்ளமைப்பு பற்றி மாரிஸ் பாக் 1986-ல் எழுதிய நூல் அது. லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலை வெளியிட்டதோ 1991-ல். தெரிந்தேதான் வாங்கினேன். ஆரம்பப் பாடப் புத்தகங்களும் பக்கத்திலேயே இருந்தன. இத்தனை வருஷம் மெயின்டெனன்ஸில் இருந்துவிட்டு அவற்றைக் கையில் எடுப்பதா என்று கௌரவம் தடுத்தது.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. லைனுக்குப் புதிதாக வந்த டெஸ்டிங் மெஷின்களின் பிசிக்கள் லினக்ஸில் ஓடின. கம்பெனி பஸ்ஸில் அந்தப் புத்தகத்தை விரித்துவைத்தால் பக்கத்து சீட்காரர், "எம்.இ. பண்றீங்களா சார்?" என்பார். இல்லை என்று சொல்ல மனசு வராது. மூன்றாம் அத்தியாயம் பஃபர் கேஷ். பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். நூலைக் குறை சொல்ல மாட்டேன். கெர்னல் எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டியவர்களுக்கு எழுதியது. என்னைப் போன்றவனுக்கு அல்ல.

ஒரு நைட் ஷிஃப்டில் மெஷின் ரிசல்ட்டை சேவ் செய்ய மறுத்தது. லைன் நின்றது. டிஸ்கில் இடமில்லை என்று திரையே சொன்னது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது, எப்படிப் பார்ப்பது? ஐநோடு என்றால் என்ன, காலி பிளாக்குகளை கெர்னல் எப்படிக் கணக்கு வைக்கிறது என்று கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். யாரும் அதைக் கேட்கவில்லை. "எப்ப சார் ஓடும்?" என்றுதான் கேட்டார்கள்.

பின்னால் நின்றிருந்த டிப்ளமோ டிரெய்னி, "நான் பாக்கட்டுமா சார்?" என்றான். நகர்ந்து உட்கார்ந்தேன். டிஎஃப் என்று அடித்தான். ஒரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் எச். பட்டியல் வந்தது, ஒரு பார்ட்டிஷன் நூறு சதவீதம். அடுத்து டியு. பழைய லாக் ஃபைல்கள் குவிந்து கிடந்தன. விரலை என்டர் மேலேயே வைத்துக்கொண்டு திரும்பி, "அழிச்சிடலாமா சார்?" என்றான். அவன் கண்டுபிடித்ததைவிட, என்னிடம் அனுமதி கேட்டதுதான் உறுத்தியது.

லைன் நின்ற நேரம் ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் மெயின்டெனன்ஸ் கணக்கில் ஏறியது. கையெழுத்து என்னுடையது.

டீ குடிக்கும்போது விசாரித்தேன். பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததாம். சென்னை சி-டாக்கில் உருவானது. மற்ற பையன்கள் அந்தப் பக்கமே போகவில்லை, இவன் நோண்டியிருக்கிறான். அப்புறம் து. நித்யாவின் 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' நூலை போனில் இறக்கி, ஒவ்வொரு கமாண்டாக அடித்துப் பார்த்திருக்கிறான். அந்த நூலின் பெயர் என் கண்ணிலும் பட்டதுதான். தமிழில் என்ன பெரிதாக இருந்துவிடும் என்று தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரமே இறக்கிக்கொண்டேன். பஸ்ஸில் யாரும் எம்.இ.யா என்று கேட்பதில்லை. நூல் கணியம் வெளியீடு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.