ராதாவுக்காக அழுதவர்கள்

நம்ம ஊர் டூரிங் கொட்டகைக்குப் போகிற வண்டிப்பாதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குடிதண்ணீர்க் கிணற்றைத் தாண்டி, பருத்திமார் அடுக்கிய களத்தைத் தாண்டி, ஓடைக்குள் இறங்கி ஏறினால் கீற்றுக் கொட்டகை. பொழுது சாயவும் குழாயில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கிளம்பும். அது காதில் விழுந்ததும் அடுப்படிகளில் கை பரபரக்கும். கம்மஞ்சோற்றைக் கிண்டி இறக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு உருட்டிப் போட்டு, கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு, ஒரு சாக்கும் ஒரு தூக்குவாளித் தண்ணியுமாகப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள்.

படம் மாறுகிற அன்று மாட்டுவண்டி வரும். வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி, உள்ளே ஒருவர் கொட்டு அடிப்பார், இன்னொருவர் நோட்டீசை அள்ளி வீசுவார். ரோஸ் நிறம், மஞ்சள் நிறம். நாம் புழுதிக்குள் ஓடி ஓடிப் பொறுக்குவோம். எம்ஜிஆர் படம் என்றால் ஆண்கள் பக்கம் பரபரப்பு. ‘பாசமலர்’ என்றால் மொத்தப் பரபரப்பும் பெண்கள் பக்கம். 1961 மே மாதம் வெளிவந்த படம் அது. நம்ம கொட்டகைக்கு அது வந்து சேரும்போது ரீல் தேய்ந்து, திரை முழுக்க மழைக்கோடு விழுந்து, வசனம் அங்கங்கே எகிறிக் குதிக்கும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எகிறிய வசனத்தைப் பெண்கள் பக்கத்திலிருந்து யாராவது ஒருத்தி சொல்லி முடிப்பாள்.

அந்தக் கொட்டகையின் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பீடிப் புகை, ஈர மணல், சுக்குக் காப்பி, தலையில் வைத்த கனகாம்பரத்துக்கும் பிச்சிக்கும் நடுவில் விளக்கெண்ணெய். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். சின்னப் பையன்கள் மட்டும் இரண்டு பக்கமும் போய் வரலாம். அந்த உரிமையில் நான் எப்போதும் அத்தை மடியோரம்தான். மணலைக் குவித்து மேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் இருக்கிற ஆச்சி தலையில் தட்டுவாள். ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் வெளிச்சம் போடுவார்கள். முறுக்குக்காரன் அந்த நேரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடுவான்.

அத்தை அப்பாவின் தங்கை. வைப்பாற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பங்குனிப் பொங்கலுக்கு வந்தால் கொடை முடிந்தும் ஒரு வாரம் இருப்பாள். அந்த ஒரு வாரத்துக்குள் கொட்டகையில் எந்தப் படம் ஓடினாலும் பார்த்துவிடுவாள். ஆனால் பாசமலரை அவள் பார்த்தது வேறு மாதிரி. முதல் ரீலிலேயே முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டுவிடுவாள்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தாய் தகப்பன் இல்லாத அண்ணன் ராஜசேகர், தங்கை ராதா. அண்ணன் ஆலையில் கூலி வேலைக்குப் போகிறான். ஆலை மூடுகிறது, வேலை போகிறது. வீட்டிலிருந்தபடியே பொம்மை செய்து விற்றுச் சேர்த்த ஆயிரம் ரூபாயைத் தங்கை எடுத்து நீட்டுகிறாள். அதை வைத்து அவன் பொம்மைத் தொழில் தொடங்கி, சீமானாகி, தான் வேலை பார்த்த ஆலையையே வாங்குகிறான். இந்த இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு மூச்சு விடுமே, அது உங்களுக்கும் கேட்டிருக்கும். சிறுவாட்டுக் காசு. கோழி முட்டை விற்றது, பருத்திக் கூலியில் மிச்சம் பிடித்தது, எருவாட்டி விற்றது. எல்லா வீட்டிலும் அடுக்குப் பானைக்கு அடியில் அந்தக் காசு இருந்தது. எல்லா வீட்டிலும் அது ஒரு நாள் அண்ணனுக்கோ தம்பிக்கோ போயிருந்தது. அப்பா சாத்தூரில் தங்கிப் படித்தபோது கட்டிய சம்பளத்தில் அத்தை பருத்தி எடுத்த கூலி இருந்தது. அதை அவள் சொன்னதில்லை, ஆச்சிதான் சொன்னாள்.

பிறகு ஆனந்தன் வருகிறான். ராதாவுக்கு அவன் மேல் பிரியம். அண்ணனுக்கும் அவனுக்கும் ஆலையில் பகை வந்ததும், அண்ணன்தான் எனக்குப் பெரிது, என்னை மறந்துவிடு என்று அவனிடமே சொல்கிறாள். ஒளிந்திருந்து அதைக் கேட்ட அண்ணன் மனம் உருகி அவர்களுக்கே கல்யாணம் செய்துவைக்கிறான். அந்தக் கல்யாணத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரி பாடிய பாட்டு இருக்கிறதே, அதற்குப் பிறகு எத்தனை வருஷம் நம்ம பக்கத்து எந்தக் கல்யாண வீட்டிலும் அது இல்லாமல் பெண்ணை மணவறைக்கு அழைத்ததில்லை. வேப்ப மரத்தில் கட்டிய குழாயிலிருந்து அந்தப் பாட்டு வருகிறது. வாழைமரத்துப் பால் வாசம், புதுச் சேலையின் கஞ்சி வாசம். கூட்டத்துக்குள் கல்யாணப் பெண்ணின் அண்ணன் எங்கே என்று கண்கள் தேடும். அவன் பந்தி விசாரிக்கிற சாக்கில் எங்காவது பின்கட்டில் நிற்பான்.

படத்தில் சனியன் அத்தைக்காரி ரூபத்தில் வருகிறது. ஆனந்தனின் அத்தை. சி.கே. சரஸ்வதி திரையில் வந்தாலே நம்ம ஊர்ப் பெண்கள் விரலை நெட்டி முறிப்பார்கள். சொத்து, பங்கு, பேச்சுக்குப் பேச்சு. ஒரே வீட்டில் இருந்தவர்கள் பிரிகிறார்கள். அங்கே ஒரு குழந்தை பிறக்கிறது, இங்கே ஒரு குழந்தை பிறக்கிறது. ஆளுக்கொரு தொட்டிலருகே நின்று அண்ணனும் தங்கையும் ஒரே தாலாட்டைப் பாடுகிறார்கள். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில், டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடியது. பக்கத்தில் இல்லாத இரண்டு பேர் ஒரே பாட்டைப் பாட முடியும் என்பது சின்னப் பையனாக எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தைக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவள் அந்தப் பாட்டுக்கு மட்டும் அழமாட்டாள். உதடு அசையாமல் கூடவே பாடுவாள்.

பாசமலரை எல்லோரும் அண்ணன் படம் என்பார்கள். சிவாஜி படம் என்பார்கள். சிவாஜியின் நடிப்பில் எனக்கும் தீராத மயக்கம் உண்டு. பீம்சிங் ப வரிசையில் எடுத்த படங்களில், அந்த ஒரே வருஷத்தில் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று மூன்றிலும் சிவாஜி. ஆனாலும் அண்ணனுக்குக் கோபித்துக்கொள்ள முடிகிறது. விட்டுவிட்டுப் போக முடிகிறது. கண் காணாத ஊருக்குப் போய் அலைய முடிகிறது. ராதாவுக்கு எங்கே போக முடியும்? புருஷனின் வீட்டில், அண்ணனைப் பழிக்கிறவர்கள் நடுவில், அவர்களுக்கே சோறு போட்டுக்கொண்டு, அண்ணன் மேலிருந்த பிரியத்தை ஒரு நாள்கூடக் குறையவிடாமல் வைத்திருந்தது அவள்தான். புருஷனையும் விடவில்லை, அண்ணனையும் விடவில்லை. ராதாவாக நடித்த சாவித்திரி அதைப் பெரிய வசனத்தில் காட்டமாட்டார். ஆரூர்தாஸ் எழுதிய வசனம் எல்லாம் ஒருபக்கம் முழங்கிக்கொண்டிருக்கும்போது, அவர் சும்மா நின்று கேட்பார். அந்தக் கேட்கிற முகத்துக்காகத்தான் நம்ம பெண்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்.

குண்டூர்ப் பக்கத்துப் பெண் சாவித்திரி. மறு வருஷமே தெலுங்கில் ‘ரக்த சம்பந்தம்’ என்று எடுத்தபோது அங்கே அண்ணன் என்.டி. ராமாராவ். தங்கை அங்கேயும் சாவித்திரிதான். நம்ம கொட்டகையில் பிறகு ‘நவராத்திரி’ வந்தது. சிவாஜியும் சாவித்திரியும் ஜோடி. அத்தை பாதியில் எழுந்து வந்துவிட்டாள். “அண்ணனும் தங்கச்சியும்லா மருமகனே, எப்படிப் பாக்கது?” என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தாள். ‘திருவிளையாட’லில் இருவரும் சிவனும் பார்வதியுமாக வந்தபோதுதான் அவளுக்கு மனசு ஆறியது. சாமி ஆகிவிட்டால் பரவாயில்லையாம்.

இந்தக் கதையைக் கேட்க நம்ம கரிசல் பெண்களுக்குக் காது ஏற்கெனவே பழகியிருந்தது. நல்லதங்காள் அங்கேதானே இருந்தாள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டு, பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் நடத்திக்கொண்டு அண்ணன் வீடு தேடி வந்தாள். அண்ணன் நல்லதம்பி வீட்டில் இல்லை. அண்ணன் பெண்டாட்டி மூளி அலங்காரி கதவைச் சாத்தினாள். பிறகு நடந்ததை ஆச்சி சொல்லச் சொல்ல, நாங்கள் அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வோம். முற்றத்தில் கயிற்றுக் கட்டில், மேலே நட்சத்திரம், தொழுவத்தில் மாடு அசை போடுகிற சத்தம். பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடம் வந்ததும் ஆச்சி நிறுத்திவிட்டு வெற்றிலையை இடிக்கத் தொடங்குவாள். உரலின் டொக் டொக். நாங்கள் காத்திருப்போம். நல்லதங்காள் அவ்வளவு தூரம் நடந்தது சோற்றுக்காக மட்டும் இல்லை, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் என்பாள் ஆச்சி.

கொட்டகை இல்லாத மாதங்களில் ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம். பஞ்சாயத்து போர்டு ரேடியோவுக்கு முன்னால் ஊரே கூடும். படம் இல்லாமல் வசனத்தை மட்டும் கேட்டே அழுவதற்கு நம்ம ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. சந்தையில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டு, நல்ல இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருப்பார்கள். அத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அந்த வரி வந்ததும் மீதியை அவளே சொல்ல ஆரம்பித்துவிடுவாள். தீபாவளி ராத்திரி, வெடி, ராதாவின் குழந்தையைக் காப்பாற்றப் போய் அண்ணனுக்குக் கண் போகிறது. கடைசியில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்கிறார்கள். “ஒத்தையில விட்டுட்டுப் போகலலா, ரெண்டு பேரும் சேந்துதான போனாக” என்பாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஒரு வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு அத்தை வரவில்லை. கிணற்றுப் பங்கு விஷயத்தில் மாமாவுக்கும் அப்பாவுக்கும் வார்த்தை தடித்துவிட்டது. தீபாவளிச் சீர் நின்றது. பொங்கலுக்குப் போகும் மஞ்சள்குலையும் கரும்பும் நின்றது. காதுகுத்துக்கு மடி கொடுக்கத் தாய்மாமன் போகவில்லை, பங்காளி ஒருவர் மடியில் வைத்து அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். அத்தை மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில் யாராவது நம்ம ஊருக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால் ஒரு மஞ்சப்பையில் கருப்பட்டியும் காராச்சேவும் கட்டிக் கொடுத்துவிடுவாள். ஓலைக் கொட்டானில் சீனிமிட்டாய் வரும். யார் கொடுத்தது என்று அப்பா கேட்கமாட்டார். காராச்சேவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். சாத்தூர்ப் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் அத்தை முதலில் கேட்பது, “மருமகனே, எங்கண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிடுதாகளா?” என்றுதான். மாமா பக்கத்திலேயே நிற்பார். அவள் குரலைத் தாழ்த்தமாட்டாள்.

1981 டிசம்பர் கடைசியில் சாவித்திரி இறந்த செய்தி வந்தது. 19 மாதம் நினைவில்லாமல் கிடந்து போனவர். அந்த வாரம் நான் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். “ராதா போயிட்டாளே” என்றாள். சாவித்திரி என்று அவள் சொல்லவே இல்லை.

இப்போது ஓடையில் பாலம் வந்துவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். அங்கே பெண் அழைப்புக்கு வேறு பாட்டுகள். சீர்வரிசையை வேனில் கொண்டுவந்து இறக்கி, வீடியோ எடுத்து முடித்ததும் அடுக்கிவிடுகிறார்கள். அண்ணன் அமெரிக்காவிலிருந்து திரையில் வாழ்த்துகிறான். தங்கையும் கையை ஆட்டுகிறாள். பாட்டுச் சத்தத்தில் இரண்டு பேர் பேசியதும் கேட்கவில்லை. பாசமலர் என்ற பேரைப் பையன்கள் கேலிக்கு வைத்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவள் மேல் கொஞ்சம் பிரியமாக இருந்தால் “பெரிய பாசமலர் வந்துட்டாரு” என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நோகிறது.

அத்தை போன அன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அப்பாதான் எடுத்துக்கொண்டு போனார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் அவர் ஏறியது அன்றைக்குத்தான்.

உங்கள் வீட்டிலும் பாசமலரைக் கொட்டகையில் பார்த்த ஒரு அத்தையோ சித்தியோ பெரியம்மாவோ இன்னும் இருப்பார்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். சிவாஜியைப் பற்றி ஆரம்பிப்பார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள், கொஞ்ச நேரத்தில் தன் அண்ணனைப் பற்றிச் சொல்வார்கள். அந்த அண்ணன் உயிரோடு இருந்தால், போன் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போங்கள்.