வட்டும் வரம்பும்

பொருள் எத்துணைச் சிறந்ததாயினும், அது செல்லும் வழியின் அளவறிந்து செலுத்தப்படாவிடின் பயன்படாதொழியும். இவ்வுண்மையை யான் வீட்டிலே செய்யப்பெறும் டி.வி.டி. வட்டின் வாயிலாகவே நன்கறிந்தேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தனர். அவர்க்கு விடையாகவே இதனை எழுதலானேன்.

வட்டிலுள்ள படம் பூச்சியம், ஒன்று என்னும் இரு குறிகளால் எழுதப்பெற்றது. அக்குறி ஒவ்வொன்றும் பிட்டு எனப்படும். ஒரு வினாடிக்கு எத்துணைப் பிட்டுக்கள் செலவாகின்றன என்பதே பிட்டு வீதம். வீதம் மிகின் படம் தெளிவுறும். குறையின் கட்டங்கட்டமாய்ச் சிதையும். 1993-இல் வகுக்கப்பெற்ற வீடியோ சி.டி.யில் படத்திற்கு வினாடிக்கு 1.15 மெகாபிட்டே உண்டு. 1996 நவம்பரில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த டி.வி.டி.யோ, படத்திற்கு 9.8 மெகாபிட் வரையில் இடந்தருவது. படமும் ஒலியும் பிறவும் கூடிய மொத்தம் 10.08 மெகாபிட்டைக் கடத்தலாகாது என்பது அதன் விதி.

இவ்வரம்பு எற்றுக்கு? பிளேயர் தன் இயல்பான வேகத்தில் வட்டினின்று படித்தெடுப்பது வினாடிக்கு ஏறத்தாழ 11.08 மெகாபிட். படித்ததை உடனே திரைக்கு விடாது, சிறிதளவு நினைவகத்திலே தேக்கி வைத்தே விடும். ஆற்று நீரைக் குளத்திலே தேக்கி மடைவழியே வயலுக்குப் பாய்ச்சுதல் போல்வது இது. வரவு செலவினும் சற்றே மிக்கிருந்தாலன்றிக் குளம் நிரம்பாது. வீட்டில் எழுதிய வட்டுக்களிலோ படிப்பிழைகள் நேர்தல் மிகுதி. அழித்தெழுதத்தக்க வட்டாயின் ஒளியைத் திருப்பும் ஆற்றலும் குறைவு. ஓரிடத்தை மீண்டும் படிக்க நேரின், அவ்விடைவேளையில் குளத்து நீரே வயலைக் காத்தல் வேண்டும். குளம் வறண்டவழிப் படம் நின்றுவிடும்.

நிற்க. 2007-இல் நிகழ்ந்த என் அத்தையின் திருமணத்தைச் சிறு நாடா ஒன்றில் படம்பிடித்திருந்தனர். என் பாட்டனார் எழுந்து மணமக்களை வாழ்த்திப் பேசும் பகுதி அதில் உண்டு. அடுத்த ஆண்டே அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்போது யான் சிறு குழவி. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் அந்நாடாவை வட்டாக்கித் தந்தனர். பாட்டியார் கைப்பேசியிற் படம் பார்க்க விரும்பார். நெடுநாள் பழகிய தம் டி.வி.டி. பிளேயரையே நம்புவார். பாட்டனார் பேசத் தொடங்கியதும் படம் நின்று நின்று ஓடிற்று; குரலும் துண்டுபட்டது. தம்மைப்போல் பிளேயரும் மூத்துவிட்டது என்று கூறிப் பாட்டியார் அமைந்தார்.

அதே வட்டு கணிப்பொறியில் தடையின்றி ஓடியதால் எனக்கு ஐயம் பிறந்தது. அளந்து பார்த்தேன். படத்திற்கு இடைவிடாது 9.4 மெகாபிட், ஒலி சுருக்கப்படாமையால் அதற்கு 1.536. தனித்தனியே நோக்கின் இரண்டும் விதிக்குட்பட்டவையே. கூட்டின் 10.936, வரம்பு கடந்தது. கணிப்பொறி பன்மடங்கு விரைந்து படிக்கவல்லது. ஆதலின் ஆண்டுக் குறை தோன்றவில்லை. பிளேயர்மேல் பழி சுமத்துதல் முறையன்று எனத் தெளிந்தேன்.

பின்னர் நாடாவினின்றே புதிதாக ஒரு வட்டுச் செய்தேன். படத்திற்கு உச்சம் 7 மெகாபிட், சராசரி 6 என வகுத்தேன். குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டும் தருதல்போல, அசைவற்ற காட்சிக்குக் குறைவாகவும், மலர் தூவுதல் போன்ற அசைவுமிக்க காட்சிக்கு மிகுதியாகவும் தருவது இம்முறை. ஒலியைச் சுருக்கி 0.224 மெகாபிட்டில் அடக்கினேன். ஒருமுறையே எழுதத்தக்க வட்டைத் தேர்ந்தேன். 50 நிமிடப் படத்தால் 4.7 ஜிகாபைட் வட்டில் பாதியளவே நிரம்பிற்று. இரு வட்டுக்களையும் ஒப்பிட்டு நோக்கியும் தெளிவில் வேறுபாடு என் கண்ணுக்குப் புலப்படவில்லை.

பாட்டியார் அன்று மாலை அவ்வுரையை முழுதும் கேட்டார். மீண்டும் ஒருமுறை கேட்டார். யாதும் பேசவில்லை. அவர் அருகிருந்து என் பாட்டனார் குரலை யானும் முதன்முறையாகத் தொடர்ந்து கேட்டேன்.

ஆதலின், வீட்டில் வட்டுச் செய்வோர் 9.8 என்னும் உச்சத்தை நாடாது, 7 அல்லது 8 மெகாபிட்டளவில் நிற்றல் நலம். ஒலியின் பங்கையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். விதி இடந்தருவது எவ்வளவு என்று வினவுவதோடமையாது, பெறுவோர் வீட்டிலுள்ள பிளேயர் தாங்குவது எவ்வளவு என்றும் வினவுக. நூலெழுதக் கருதும் நம்போன்ற மாணவர்க்கும் இவ்வினா ஏற்புடையதே.