மீண்டும் நனைந்த பாய்

2009 மே மாதம் வவுனியாவில் ஒரு முகாமுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது என் மகளுக்கு மூன்று வயது. ஊரில் இருக்கும்போதே என் அம்மா அவளைத் தன் இரண்டு பாதங்களின் மேல் இருத்திப் பழக்கியிருந்தார். இரண்டு வயதிலேயே "சலம் வருது" என்று சொல்லுவாள். இரவில்கூடப் பாய் நனையாது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. அம்மா எங்களோடு முகாமுக்கு வந்து சேரவில்லை.

வந்து இரண்டாம் கிழமை பாய் நனைந்தது. பிறகு பகலிலும். பொது மலசலகூடம் தூரம், உள்ளே இருட்டு. குழியைக் கண்டதும் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக் கத்துவாள். மாற்றுடுப்பு இரண்டுதான். தோய்க்கத் தண்ணீருக்கும் வரிசை. ஒருநாள் மூன்றாவது தடவையும் உடுப்பை அழுக்காக்கினாள். அடித்துவிட்டேன். பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்கும்படி ஏசியும் விட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் சொல்வதே இல்லை. மூலையில் ஒளித்து நின்று, காலைப் பின்னிக்கொண்டு அடக்கினாள்.

பிள்ளைகளைப் பார்க்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் அவளது வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எத்தினை நாளாய் வயித்தாலை ஒழுங்காப் போகேல்லை?"

"ஒவ்வொரு நாளும் உடுப்பிலை படுது மிஸ்" என்றேன்.

அவர் அப்போது விளங்கப்படுத்தினார். பயத்தில் அடக்கினால் மலம் உள்ளே இறுகிவிடும். இறுகியது போகும்போது நோகும். அந்த நோவுக்குப் பயந்து பிள்ளை இன்னும் அடக்கும். இறுகியதைச் சுற்றி இளகியது தானாகக் கசியும், பிள்ளைக்கே தெரியாது. நிறைந்த குடல் சலப்பையை நெருக்குவதால் சலமும் கட்டுப்படாது.

"தங்கச்சி, இது குழப்படி இல்லை. அடியாதேங்கோ. டொக்டரிட்டைக் காட்டுவம்."

மலத்தை இளக்கும் பாணி மருந்து தந்தார்கள். ஒருமுறை போனதும் நிறுத்தாமல் சில கிழமை தொடரச் சொன்னார்கள். சலத்தில் கிருமி இருக்கிறதா என்றும் சோதித்தார்கள். (பிள்ளைக்குக் காய்ச்சல், சலம் போகையில் எரிவு, வயிறு ஊதிச் சத்தி என்று ஏதும் இருந்தால் வீட்டில் வைத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.)

பழைய வாளியொன்றைப் பாதியாக வெட்டி, விளிம்பில் சீலைத்துண்டு சுற்றிக் கூடார மூலையில் வைத்தேன். சாப்பிட்டதும் குடல் தானாக அசையுமாம். அதனால் சாப்பிட்ட கையோடு, கால் நிலத்தில் படும்படி ஐந்து நிமிடம் இருத்துவேன். வராவிட்டால் எழும்பி விளையாடப் போகலாம். நனைந்தால் ஒன்றும் பேசாமல் மாற்றிவிடுவேன். பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

இரண்டு மாதத்தில் பகல் சரிவந்தது. இரவு நெடுநாள் எடுத்தது. இடி முழங்கினால் திரும்பவும் பாய் நனையும்.

ஒரு காலை வாளி வேண்டாம் என்றாள். "அம்மம்மா மாதிரி இருத்துங்கோ." நிலத்தில் இருந்து காலை நீட்டினேன். வளர்ந்துவிட்டாள், பாரமாகத்தான் இருந்தாள். என் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.