ஓலையில் ஏறாத பேர்

பல்கலைக்கழக நிர்வாகிகளுக்கான பயிற்சி அது. ஐந்து நாள். துணைப் பதிவாளர், துறைத் தலைவர், தேர்வுப் பிரிவு அதிகாரி என்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பேச வந்தவர் திரையில் ஒரு கல்வெட்டைக் காட்டி, "நல்ல தலைமைக்கு இலக்கணம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல எழுதி வச்சுட்டாங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நான் உத்திரமேரூர்ப் பக்கத்து ஆள்தான். ஆனால் ஊர் இல்லை, சேரி.

பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. ஆண்டு 919, 921. கணக்குக் காட்டாதவன் பேர் குடவோலைக்குப் போகாது. அவன் சொந்தக்காரன் பேரும் போகாது. போன மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. நல்ல விதிகள்தான். இன்றைய பல்கலைக்கழகத்துக்கும் வேணும். பேசியவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மீதியை நான் சொல்கிறேன். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர் சபை. ஓலையில் பேர் ஏற, வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேணும். சொந்த மனையில் வீடு வேணும். வேதம் தெரிஞ்சிருக்கணும். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது. எங்க ஆயா ஏரி வேலையில் மண் சுமந்தவள். சின்ன வயசில் அவளிடம் கேட்டேன், "அந்தக் கல்லுல இன்னா ஆயா எழுதிக்குது?" "நம்ம பேரு இல்லடா. வேற இன்னா எழுதிக்கினா நமக்கின்னா?" என்றாள்.

இதே செங்கல்பட்டுச் சீமையில் பறையருக்கு நிலமில்லாத கொடுமையைக் கலெக்டர் திரமென்ஹீர் அரசாங்கத்துக்கு எழுதியது 1891இல். கல்வெட்டுக்கு 970 வருஷம் கழித்து.

இப்போது குடம் இல்லை, பரிந்துரை இருக்கிறது. பயிற்சிக்கு யார் போவது என்று மேலே இருப்பவர்கள் பேர் கொடுப்பார்கள். பயிற்சிக்குப் போனவன் அடுத்த பதவிக்குத் தகுதியானவன் ஆகிறான். என் பேர் ஏற பதினாறு வருஷம் ஆச்சு. ஓலையிலேயே பேர் எழுதாமல் குடத்துக்குள் எத்தனை தடவை கை விட்டாலும் என்ன வரும்?

இதைச் சொல்லிவிட்டு நான் நல்லவனாகத் தப்பிக்க முடியாது. பயிற்சிக்குச் சில வருஷம் முந்தி ஒரு ஆராய்ச்சி மாணவன் மனு கொண்டுவந்தான். நம்ம பையன். உதவித்தொகைத் தாளில் வழிகாட்டி கையெழுத்துப் போடாமல் ஏழு மாசமாக இழுத்தடிக்கிறார், சாதியைச் சொல்லிப் பேசுகிறார் என்று எழுதியிருந்தான். நான் 'துறைத் தலைவரின் கருத்துக்கு' என்று எழுதி அனுப்பினேன். அந்த வழிகாட்டியே துறைத் தலைவர். அது எனக்குத் தெரியும். நடுநிலையான அதிகாரி என்று பேர் வாங்கணும், அவ்வளவுதான்.

நாலாவது தடவை வந்தபோது, "நீங்க இருக்கீங்கன்னுதான் சார் வந்தேன்" என்றான். அப்புறம் வரவில்லை. ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருப்பதாகக் கேள்வி.

உயர்கல்வி நிறுவனங்களில் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் இருக்கணும் என்று யு.ஜி.சி. 2012இலேயே ஒழுங்குமுறை போட்டது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா செத்த பிறகாவது நான் அதைப் படித்திருக்கணும். படிக்கவில்லை. ஐந்து நாள் பயிற்சியிலும் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. பட்ஜெட் இருந்தது, நாக் மதிப்பெண் இருந்தது, மன அழுத்தம் குறைக்க மூச்சுப்பயிற்சிகூட இருந்தது.

கடைசி நாள் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். எதைச் சேர்க்கலாம் என்ற இடத்தில் எழுதினேன்: யாரை அனுப்புகிறீர்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு வருஷமும் சாதிவாரியாக வெளியிடுங்கள். சாதிப் புகார் மனு ஒன்றைக் கையில் கொடுத்து, என்ன செய்வாய் என்று ஒவ்வொரு அதிகாரியையும் கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டு, பேரையும் முழுசாக எழுதினேன்.