தொப்பூர் ஏறி வந்த லாரிகள்

சேலத்திலிருந்து வடக்கே போகும் லாரிக்குத் தொப்பூர் கணவாய்தான் முதல் பரீட்சை. தருமபுரிப் பக்கமிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் நடக்கும் விபத்துகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஏறும்போது எஞ்சின் படும் பாடு ஓட்டுகிறவருக்கும் பட்டறைக்காரருக்கும்தான் தெரியும். முழு பாரத்தோடு சின்ன கியரில் உறுமிக்கொண்டே ஏறினால் ஆயில் சூடேறி நீர்த்துவிடும். சமதரையில் கமுக்கமாக இருந்த கசிவெல்லாம் அந்த ஏற்றத்தில் வெளியே வரும். மேலேறியதும் டிரைவர் ஓரங்கட்டிவிட்டு வண்டிக்கடியில் குனிந்து பார்ப்பார். அப்படிக் குனிந்து பார்த்த பலர் அடுத்து வந்து நின்ற இடம் என் பெரியப்பாவின் பட்டறை. அந்தக் கணவாய் வழியாகப் போகும், இன்று 44 என்று எண் மாறிவிட்ட தேசிய நெடுஞ்சாலை அப்போது 7. டாட்டாவுக்கும் டைம்லர் பென்ஸுக்கும் இருந்த ஒப்பந்தம் 1969-லேயே முடிந்திருந்தாலும், பெரியப்பா வாயில் டாட்டா லாரி கடைசிவரை ‘பென்ஸ் வண்டி’தான்.

பட்டறைக்கு வந்தவற்றில் எனக்குப் பிடித்தவை திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள். முன்னால் ரிக் வண்டி வரும். துளை போடும் ராடும் டீசல் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு பின்னால் துணை லாரி வரும். அந்தத் துணை லாரிதான் வீடு. அரிசி மூட்டை, அடுப்பு, சுருட்டிய பாய், கயிற்றில் காயும் லுங்கி, மாலை போட்ட சாமி படம் எல்லாம் அதில் இருக்கும். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து எழுவார்கள். அந்த லாரி நின்றால் வேலையோடு சோறும் படுக்கையும் சேர்ந்து நின்றுபோகும். எங்கள் ஊரிலும் அவர்களுக்கு ஓயாத வேலை. கிணறுகள் வற்ற வற்ற துளை ஆழமாகிக்கொண்டே போனது. அந்த ஆழத்துத் தண்ணீரில் இருந்த புளோரைடு, என்னோடு படித்த பலருடைய பல்லில் பழுப்புக் கறையாக ஏறியது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து சேரும்வரை அதுதான் எங்கள் குடிநீர்.

வண்டி வந்ததும் பெரியப்பா ஸ்பேனரைத் தொடமாட்டார். சொட்டுகிற எண்ணெயை விரலில் வாங்கித் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவார். கறுப்பாக வழவழவென்றிருந்தால் எஞ்சின் ஆயில். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். தண்ணீர் போல ஓடி, வாடையும் பிடித்தால் டீசல். டீசல் ஆயிலோடு கலந்திருக்கிறதா என்று கேஜ் ராடை உருவி முகர்ந்து பார்ப்பதும் உண்டு. பிறகு கழுவுதல். பிரஷ்ஷில் டீசல் தொட்டு, பல நாள் மண்ணும் பிசுக்கும் போக எஞ்சினைத் தேய்த்து, காற்றடித்துக் காயவைப்பார்கள். அழுக்கு எஞ்சினில் கசிவு தேடுகிறவனை அவர் மெக்கானிக் என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்.

அதற்குப் பிறகு என் வேலை. பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய துண்டு சாக்பீஸ்களை அம்மிக்கல்லில் பொடித்து டப்பாவில் வைத்திருப்பேன். காய்ந்த எஞ்சின்மேல் அந்தப் பொடியைத் தூவிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேஸ் பண்ணிச் சூடேற்றுவார்கள். டார்ச் பிடித்துக்கொண்டு நான் உற்றுப் பார்ப்பேன். வெள்ளையில் முதலில் ஈரம் பூக்கும் இடம்தான் கசிவின் இடம். “எண்ணெய் கீழ ஓடும் கண்ணு, ஃபேன் காத்து அதைப் பின்னால தள்ளும். அதனால சொட்டுற இடத்தை விட்டுட்டு மேலயும் முன்னாலயும் பாரு” என்பார்.

கசிவை அடைக்கும் பேக்கிங் வெட்டுவதை நாள் முழுக்க வேடிக்கை பார்க்கலாம். கார்க் தாளை இரும்பு விளிம்பின்மேல் விரித்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போவார். விளிம்பின் கூர்மையே தாளை வெட்டிவிடும். போல்ட் துளையின்மேல் ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு. வட்டமாகத் துளை விழும். சம்ப் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவார். பலம் காட்டி முடுக்கினால் கார்க் பிதுங்கும், தகடு வளையும், பழைய கசிவோடு புதுக்கசிவும் சேரும்.

ஆயில் பைப் முனையில் வரும் செம்பு வாஷர் இன்னும் அதிசயம். பழைய வாஷரைக் கம்பியில் கோத்துச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போடுவார். கொல்லர் உலையில் அதே மாதிரி சுட்டு முக்கிய கொழு கெட்டிப்படுவதைப் பார்த்தவன் நான். செம்போ சுட்டதில் இளகி, நகம் பதியும் போல மிருதுவாகிவிடும். அழுந்தி அழுந்தி இறுகியிருந்த வாஷர் மறுபடி பள்ளம் மேட்டை நிரப்பி அடைத்துக்கொள்ளும்.

ஒரு கோடையில் வந்த துணை லாரியை மறக்க முடியாது. பெல் ஹவுசிங்குக்கு அடியில் விடாமல் சொட்டியது. “பின் சீல் போயிருச்சுங்ணா, வர்ற வழியில கேட்ட எடத்துலயும் அதேதான் சொன்னாங்க” என்றார் டிரைவர். பின் சீல் மாற்றுவதென்றால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் அத்தனையும் இறங்க வேண்டும். ஆந்திராவில் போர் போட முன்பணம் வாங்கியிருந்தார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் கழுவச் சொன்னார்.

பொடி தூவி ஓடவிட்டதும் மேலே, டேப்பட் கவரின் பின்மூலையில்தான் முதலில் கறுத்தது. அங்கிருந்து எஞ்சின் முதுகு வழியாக இழைபோல இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றிவந்து சொட்டியிருக்கிறது. டிரைவர் முகம் மலர்ந்தது, “பேக்கிங் மாத்திட்டாப் போதுங்களா?” என்றார். “பேக்கிங் ஏன் தள்ளிச்சுன்னு பாக்க வேணாமா?” என்று சொல்லி, ஓடுகிற எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார் பெரியப்பா. குபுகுபுவென்று புகை. கூடியிருந்தவர்கள் பேக் கம்ப்ரஷன் என்றார்கள்; ரிங் தேய்ந்து, எஞ்சினைப் பிரித்துச் செய்யும் போர் வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். பெரியப்பா ப்ரீதரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். துளை போடும் இடத்துக் கல்தூசி ஆயிலோடு குழைந்து, உள்ளிருந்த கம்பி வலையைக் களிம்பாக அடைத்திருந்தது. எஞ்சினுக்குள் மூச்சு போக வழியில்லை. அந்த அழுத்தம்தான் ஆயிலைக் கிடைத்த சந்து வழியே தள்ளியது. ப்ரீதரைக் கழற்றியதுமே மூடி வாயில் புகை தணிந்தது. ரிங் பிழைத்தது.

வலையை டீசலில் ஊறவைத்துக் கழுவி, புது கார்க் வெட்டிப் போட்டு, மறுபடி பொடி தூவி, சாயங்காலமே வண்டி தயார். ஆனாலும் விடவில்லை. பாரத்தோடு தொப்பூர் அடிவாரம்வரை இறங்கி மறுபடி ஏறிவரச் சொன்னார். நானும் கேபினில் இருந்தேன். திரும்பி வந்து டார்ச் அடித்தபோது டேப்பட் கவரைச் சுற்றிப் பொடி வெள்ளையாகவே ஒட்டியிருந்தது. அதன்பிறகு கிளீனர் பையனைக் கூப்பிட்டு, “மண்ணுல நிக்கிற வண்டி இது, ஆயில் மாத்துறப்பல்லாம் இதையும் கழுவணும்” என்று ப்ரீதரைக் கழற்றச் சொன்னார், மாட்டச் சொன்னார், மறுபடி கழற்றச் சொன்னார். அவன் யாரையும் கேட்காமல் தானே மாட்டி முடித்த பிறகுதான் டிரைவரிடம் சாவியைக் கொடுத்தார்.