லூயிஸ் மலையில் ஒரு போர்டு

போன அக்டோபரில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் ஒரு மலை நடைக்குப் போனேன். வழிகாட்டி ஒரு ரேஞ்சர் பெண்மணி. பழைய செஸ்ட்நட் வேர்களிலிருந்து கிளம்பிய தளிர்களைக் காட்டினார். சுமார் நூறு வருஷத்துக்கு முன் பூஞ்சை நோயில் பெருமரங்கள் செத்தன. வேர் இன்னும் துளிர்க்கிறது, கொஞ்சம் வளர்ந்ததும் நோய் மறுபடி அடிக்கிறது. 1930களில் பூங்காவுக்காக மலையில் வாழ்ந்த குடும்பங்களை வெளியேற்றியதையும், நிலமில்லாதவர்களுக்கு இழப்பீடு இல்லாததையும் மறைக்காமல் சொன்னார்.

பிறகு லூயிஸ் மலை. 1939இல் கறுப்பின மக்களுக்கென்று தனியாகத் திறந்த இடம். 'நீக்ரோ பகுதி' என்று போர்டே இருந்திருக்கிறது; பழைய புகைப்படத்தில் பார்த்தேன். 1950க்குள் அந்தப் பிரிவினை முடிந்துவிட்டது.

“நம்ம ஊர்ல இப்படிப் போர்டெல்லாம் வச்சதில்லையே சார்” என்றார் குழுவில் இருந்த இன்னொரு தமிழர்.

எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்கான கிளாஸ் கூரையில் செருகியிருக்கும். அதற்கு எதற்குப் போர்டு? எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்: “உங்களுக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?”

“காலனி” என்றேன்.

இறங்கும்வரை அவர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.